அறுபதாயிரம் பேருக்கு ஒரு தொலைக்காட்சி

"ரோமான்ஷ்காரருக்கு நான் ஏன் காசு கட்டவேணும் எண்டு ஒருக்கா விளங்கப்படுத்துங்கோ அத்தான்" என்று மச்சான் கேட்டான். நக்கலுக்கு இல்லை, உண்மையாகவே விளங்காமல்தான் கேட்டான். சுவிஸில், சூரிச் நகரத்து உணவகச் சமையலறை ஒன்றில் வேலை செய்கிறவன். வீட்டில் தொலைக்காட்சிப் பெட்டியே கிடையாது. பிள்ளைகள் கைபேசியில் எதையோ பார்க்கிறார்கள், அவனும் மனைவியும் மடிக்கணினியில் சென்னைச் சீரியல் பார்க்கிறார்கள். ஆனால் ஆண்டுக்கு 335 பிராங் வானொலி, தொலைக்காட்சிக் கட்டணம் கட்டச் சொல்லிச் சீட்டு மட்டும் தவறாமல் வருகிறது. 2026 மார்ச் 8ஆம் திகதி வாக்கெடுப்பு: அந்தக் கட்டணத்தை 200 பிராங்காக இறக்குவதா, வேண்டாமா. அவன் இறக்குவது என்று முடிவெடுத்துவிட்டான். என்னையும் தன் பக்கம் இழுக்கத்தான் இந்தக் கேள்வி.

நான் இருப்பது கிரவுபுண்டன் மாநிலத்தில், ரோமான்ஷ் மொழி பேசப்படுகிற இடம் அது. அதனால் ரோமான்ஷ் பற்றி யார் என்ன கேட்டாலும் நான்தான் பதில் சொல்ல வேண்டும் என்று குடும்பத்தில் ஒரு நினைப்பு. அன்றைக்கு நான் சொன்ன பதில் எனக்கே உப்புச்சப்பில்லாமல் இருந்தது. "அது இந்த நாட்டின்ர தேசிய மொழி, தம்பி" என்றேன். 1938இல் வாக்கெடுப்பு வைத்து, 91.6 சதவீதம் பேர் சம்மதித்துத் தேசிய மொழியாக்கினார்கள் என்றும் சொன்னேன். அவன் விடவில்லை. "இங்க தமிழ் கதைக்கிற ஆக்கள் எத்தினை பேர்?" ஐம்பதாயிரம் என்பார்கள். "ரோமான்ஷ்?" அறுபதாயிரம் என்பது தாராளமான கணக்கு, அதுவே முதன்மை மொழி என்று பதிகிறவர்கள் நாற்பதாயிரம் அளவில்தான் இருப்பார்கள். "பிறகென்ன, கிட்டத்தட்ட சமம். அவைக்கு ரிவியும் ரேடியோவும். எங்களுக்கு பில்."

தொலைபேசியை வைத்த பிறகும் அந்தக் கடைசி வரி என்னை விடவில்லை. அது அநியாயமான கேள்வி என்று தள்ளிவிட முடிந்திருந்தால் இதை எழுத உட்கார்ந்திருக்க மாட்டேன்.

நாலு மொழிக்கு ஒரு கல்லாப்பெட்டி

இந்த நாட்டுத் தொலைக்காட்சியின் கணக்குவழக்கைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்த்தால் வியப்பாக இருக்கும். ஒன்பது மில்லியன் மக்கள் உள்ள நாட்டில் எஸ்.ஆர்.ஜி. என்ற பொது ஒலிபரப்பு நிறுவனம் ஏழு தொலைக்காட்சி அலைவரிசைகளும் பதினேழு வானொலிகளும் நடத்துகிறது. கட்டணத்தில் எழுபது சதவீதத்துக்கும் மேல் ஜெர்மன் மொழிப் பகுதியிலிருந்து வருகிறது. அந்தப் பகுதிக்குத் திரும்பிப் போவதோ கிட்டத்தட்ட நாற்பத்து மூன்று சதவீதம்தான். பிரெஞ்சுப் பகுதிக்கு முப்பத்து மூன்று அளவில், இத்தாலிய மொழிக்கு இருபத்திரண்டு, ரோமான்ஷுக்கு ஏறத்தாழ இரண்டு. மூன்றரை இலட்சம் பேர் உள்ள இத்தாலிய மொழி மாநிலமான திச்சீனோவுக்கு இரண்டு தொலைக்காட்சி, மூன்று வானொலி. உலகத்தில் எந்தப் பெரும்பான்மை தன் சட்டைப்பையிலிருந்து எடுத்து இப்படிச் சிறுபான்மைக்குக் கொடுக்கிறது? இலங்கையில் பிறந்து வளர்ந்தவனுக்கு இந்தக் கணக்கைப் படிக்கும்போது வருகிற உணர்ச்சியை மச்சானுக்கு நான் விளக்கத் தேவையில்லை. அவனும் அங்கிருந்து வந்தவன்தான்.

சொகுசு என்று பார்த்தால் இது சொகுசுதான். ஜனவரியில் வெங்கன் மலையில் லவுபர்ஹோர்ன் பனிச்சறுக்குப் போட்டி நடக்கும்போது அதே மலை, அதே வீரன், அதே நொடி. மூன்று மொழிகளுக்கு மூன்று வர்ணனையாளர்கள் தனித்தனியே அமர்ந்து கத்திக்கொண்டிருப்பார்கள். பீல் நகரத்து டெலிபீலிங் அலைவரிசையோ ஊர்ச் செய்தியை ஜெர்மனில் ஒரு தடவையும் பிரெஞ்சில் ஒரு தடவையும் தருகிறது. கணக்குப்பிள்ளை யாராவது பார்த்தால் தலையில் கைவைப்பார். ஜெர்மன் பகுதிக்குள்ளேயே இன்னொரு கூத்து இருக்கிறது. தலைப்புச் செய்தி எழுத்து வழக்கு ஜெர்மனில் வரும். அது முடிந்ததும் கூரைமேல் நின்று வானிலை சொல்கிறவர் பேச்சு வழக்குக்கு மாறிவிடுவார். வெள்ளிக்கிழமை இரவு 'அரேனா' அரசியல் விவாதம் முழுக்கப் பேச்சு வழக்கில்தான் நடக்கும். பள்ளிக்கூடத்தில் பல வருடம் ஜெர்மன் படித்த, பிரெஞ்சு பேசும் ஜெனீவாக்காரனுக்கு அதில் ஒரு சொல் பிடிபடாது. எனக்குப் பிடிபடும். அந்தப் பெருமையை மட்டும் யாருக்கும் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

கட்டணம் இல்லாவிட்டால் தனியார் வந்து செய்வார்கள் என்பது மச்சானின் அடுத்த வாதம். வந்தார்கள். டெலி24, டிவி3 என்று இரண்டு தனியார் தொலைக்காட்சிகள் தொண்ணூறுகளின் கடைசியில் ஆரவாரமாகத் தொடங்கி, 2001இல் இரண்டும் மூடிப்போயின. இங்கே பார்வையாளர் எண்ணிக்கை குறைவு என்பது ஒன்று. அந்தக் குறைந்த கூட்டமும் மூன்று மொழியாகப் பிரிந்து கிடக்கிறது என்பது இன்னொன்று. மிஞ்சி நிற்கிற பெரிய இடைஞ்சல் பக்கத்து வீடு. ஜெர்மனியின் ஆர்.டி.எல்., ப்ரோசீபன், பிரான்சின் டி.எஃப்.1, இத்தாலியின் ராய் எல்லாம் இங்கே எல்லா வீட்டிலும் தெரிகின்றன. பார்க்கிற நேரத்தில் பெரும்பகுதி வெளிநாட்டு அலைவரிசைகளுக்குத்தான் போகிறது. ஜெர்மன் அலைவரிசைகள் தங்கள் நிகழ்ச்சிகளுக்கு நடுவே சுவிஸுக்கென்று தனி விளம்பரம் செருகி, இங்குள்ள சீஸ் கம்பனி, காப்புறுதிக் கம்பனிகளின் காசையும் எடுத்துக்கொண்டு போகின்றன. திருப்பி இங்கே ஒரு செய்தியாளரைக்கூட வைத்திருக்க வேண்டிய கட்டாயம் அவர்களுக்கு இல்லை. 3+ போல விவசாயிக்குப் பெண் தேடிக்கொடுக்கும் நிகழ்ச்சி நடத்திப் பிழைத்தவர்கள் உண்டு. செய்தி நடத்திப் பணக்காரரானவர் எவரையும் நான் கேள்விப்பட்டதில்லை.

இந்தச் சண்டை தொலைக்காட்சியோடு கூடப் பிறந்தது. 1957இலேயே அரசியலமைப்பில் வானொலிக்கும் தொலைக்காட்சிக்கும் இடம் கொடுக்கும் திட்டத்தை மக்கள் தோற்கடித்தார்கள். அடுத்த வருடம் எப்படியோ தொலைக்காட்சி முறையாகத் தொடங்கியபோது, விளம்பரம் போடாதே என்று சொல்லிப் பத்திரிகை முதலாளிகள் அதற்கு ஆண்டுதோறும் காசு கொடுத்தார்கள். வாயை மூடிக்கொண்டிருக்கச் சம்பளம்! 1965இல்தான் விளம்பரம் வந்தது. 2018இல் கட்டணத்தையே ஒழிக்கும் யோசனை வந்தபோது 71.6 சதவீதம் பேர் வேண்டாம் என்றார்கள். ஒரு மாநிலம்கூட ஒழிக்கும் பக்கம் சாயவில்லை. அப்போது கட்டணம் 451 பிராங். பிறகு 365, பிறகு 335. 2029இல் 300 ஆகும் என்று அரசு ஏற்கனவே முடிவு செய்துவிட்டது. அந்த 300க்கே எஸ்.ஆர்.ஜி. 270 மில்லியன் பிராங் மிச்சம் பிடிக்க வேண்டும், 900 வேலைகள் போகும் என்கிறார்கள்.

மச்சானிடம் ஒரு நியாயம் இருக்கிறது, அதை மறைக்க மாட்டேன். சூரிச் ஏரியின் தங்கக் கரையில் வீடு வைத்திருக்கிற கோடீஸ்வரனுக்கும் 335தான், பாத்திரம் கழுவுகிறவனுக்கும் 335தான். பென்சனோடு அரசின் மேலதிக உதவித்தொகை பெறுகிறவர்களுக்கு மட்டும் விலக்கு. ஓய்வு வயது வராமல் குறைந்த சம்பளத்தில் உழைக்கிறவனுக்கு ஒரு சலுகையும் இல்லை. வீட்டில் பெட்டி இருக்கிறதோ இல்லையோ எல்லோரும் கட்ட வேண்டும் என்ற சட்டம் 2015இல் 50.08 சதவீதத்தில், நாலாயிரத்துக்கும் குறைந்த வாக்கு வித்தியாசத்தில், மயிரிழையில் தப்பி வந்தது. அது வரி இல்லை, கட்டணம் என்று இன்னும் சாதிக்கிறார்கள். வருமானத்துக்கு ஏற்றபடி அறவிட்டால் இந்த வாக்கெடுப்புக்கே தேவை வந்திருக்காது என்பது என் எண்ணம். ஆனால் சீட்டில் அந்தக் கேள்வி இல்லை.

இரவுச் சாப்பாட்டு நேரம்

ரைன் நதி தொடங்குகிற பள்ளத்தாக்கில் ஒரு முதியோர் இல்லத்தில் பராமரிப்பு வேலை செய்கிறேன். அங்கே இரவுச் சாப்பாடு மாலை ஐந்தரைக்கு. பல நாள் 'காஃபே கொம்ப்ளே'தான்: பாண், பட்டர், ஜாம், இரண்டு துண்டு சீஸ், பெரிய கோப்பையில் பால்கோப்பி. எல்லோரும் சாப்பாட்டு மண்டபத்துக்கு வருவார்கள், ஒரு அம்மாவைத் தவிர. தொண்ணூறை எட்டிப்பிடிக்கிற வயது, வாழ்நாள் முழுக்க மாடு வளர்த்தவர். வார நாட்களில் அவருடைய தட்டைத் தொலைக்காட்சி இருக்கும் சின்னக் கூடத்துக்குத்தான் கொண்டுபோக வேண்டும். அந்த நேரம் 'தெலஸ்குவார்ட்' போகும். ரோமான்ஷ் செய்தி, கிட்டத்தட்டப் பத்து நிமிடம், கீழே ஜெர்மனில் எழுத்து ஓடும். பாணுக்குப் பட்டர் பூசிக்கொண்டே நான் அந்த எழுத்தை வாசிப்பேன்.

அழிந்துகொண்டிருக்கும் மொழியின் செய்தியை ஒரு முதியவர் கண்ணீர் மல்கப் பார்ப்பார் என்று யாராவது நினைத்தால் இவரை வந்து பார்க்க வேண்டும். தொடக்கம் முதல் முடிவுவரை ஏச்சுத்தான். செய்தி சொல்கிறவர் எங்காடின் பள்ளத்தாக்குப் பக்கத்து ஆள் என்றால் முதல் வசனத்திலேயே கண்டுபிடித்துவிடுவார். "இவள் சொல்வதில் பாதி எனக்கு விளங்காது" என்று என்னிடம் ஜெர்மனில் முறையிடுவார். அறுபதாயிரம் பேருக்கு ஐந்து எழுத்து வழக்கு இருக்கிறது. 1982இல் எல்லாவற்றையும் சேர்த்து ஒரு பொது எழுத்து மொழி உண்டாக்கினார்கள். அது அவருக்குக் 'கடதாசி மொழி'. மட்டக்களப்புத் தமிழைக் கேட்டு முகம் சுளிக்கும் யாழ்ப்பாணத்துக் கிழவி ஒருத்தியை எனக்கு நன்றாகத் தெரியும், அதனால் சிரித்துக்கொள்வேன். ஒரு நாள் ஓநாய் ஆடு கடித்த செய்தி வந்தது. இந்தப் பள்ளத்தாக்கில் அது ஓயாத விவகாரம். நிருபர் மேய்ச்சல் நிலத்தின் பெயரைச் சொன்னதும் இவர் கோப்பையை வைத்துவிட்டு நிமிர்ந்து உட்கார்ந்தார். அந்த நிலத்துக்குப் பாதை எங்கே, யாருடைய குடும்பம் அங்கே மேய்த்தது, வேலி எந்தப் பக்கம் சரியில்லை, எல்லாம் அவருக்குத் தெரிந்திருந்தது. அந்த நிருபருக்கு எதுவும் தெரியாது என்பது அவருடைய தீர்ப்பு. தொலைக்காட்சியோடு அப்படிச் சரிக்குச் சரி சண்டை போட்ட ஒருவரை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

அன்றைக்குப் பேச்சு வாக்கில் மச்சானின் கேள்வியை அவரிடம் போட்டேன். இந்த இல்லத்தில் ஆளுக்கு ஆள் சீட்டு வராது. முழு இல்லத்துக்கும் சேர்த்து 670 பிராங், அதை நிர்வாகம் கட்டும். ஆகவே அவருக்குத் தன் காசு என்ற கவலை இல்லை. நாங்களும் உங்கள் அளவுதான் இருக்கிறோம், உங்களுக்கு மட்டும் ஏன் என்று என் மச்சான் கேட்கிறான் என்றேன். கோபிப்பார் என்று நினைத்தேன். சீஸை மென்று முடித்துவிட்டு, மாட்டுச் சந்தையில் விலை பேசுகிற தொனியில், "உங்களுக்குப் பின்னால் ஒரு நாடு இருக்கிறது. எங்களுக்கு வேறெங்கும் யாரும் இல்லை" என்றார்.

ரோமான்ஷுக்காக அரசியல்வாதிகள் எடுத்துவிடும் வாதம் இது, நான் பல தடவை கேட்டதுதான். ஆனாலும் அந்தக் கூடத்தில், எப்ரன் கட்டிக்கொண்டு நிற்கும்போது, எனக்குச் சுருக்கென்றது. "எந்த நாட்டைச் சொல்கிறீர்கள்?" என்று கேட்டேன். குரல் கொஞ்சம் ஏறியிருக்க வேண்டும், ஏனென்றால் அவர் திரும்பி என்னைப் பார்த்தார். "எனக்கெப்படித் தெரியும்? நீங்கள் இடைவேளையில் கைபேசியில் பார்க்கிறீர்களே, ஆட்டம் பாட்டமெல்லாம். அது எங்கிருந்தோ வருகிறதுதானே?" என்றார். சென்னையிலிருந்து வருகிறது. அது என் நாடு இல்லை. என் நாடு என்று எதைச் சொல்வது என்று விளக்க எனக்கு ஒரு முழு மாலையாவது வேண்டும்; அடுத்த அறையில் மணி அடித்தது, போய்விட்டேன்.

வருவது எங்கிருந்து

அவர் நாட்டைப் பற்றிச் சொன்னது தவறு. தொலைக்காட்சியைப் பற்றிச் சொன்னது சரி. இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்க எனக்குச் சில நாள் பிடித்தது.

பின்னால் ஒரு நாடு இருந்தால் தொலைக்காட்சி வேண்டாம் என்றால், சூரிச்காரனுக்கு முதலில் வேண்டாம். அவனுக்குப் பின்னால் எண்பது மில்லியன் ஜெர்மன்காரர் இருக்கிறார்கள். லோசான்காரனுக்குப் பாரிஸ் இருக்கிறது, லுகானோக்காரனுக்கு மிலான் இருக்கிறது. மொழிப் பஞ்சம் இவர்களில் எவருக்கும் கிடையாது. பிறகு எதற்கு இந்த ஏழு அலைவரிசை? 2025 மே 28ஆம் திகதி வலைஸ் மாநிலத்தில் பிர்ச் பனிப்பாறை சரிந்து பிளாட்டன் கிராமம் மண்ணுக்கடியில் போனதை நினைத்துப் பாருங்கள். ஜெர்மனிக்காரர்கள் சில நாள் காட்டினார்கள், பிறகு வேறு செய்தி வந்தது, போய்விட்டார்கள். இங்குள்ள அலைவரிசைகள் அந்தச் சனத்தை விடவில்லை. எங்கே தங்கியிருக்கிறார்கள், காப்புறுதி என்ன கொடுக்கும், கிராமத்தை எங்கே திரும்பக் கட்டுவது என்று பின்னாலேயே போனார்கள். எங்களுக்குத் தமிழில் வந்தது என்ன? மலை இடிந்து விழும் காணொளி வாட்ஸ்அப்பில் வந்தது. கூடவே நூற்றுக்கணக்கானோர் பலி என்று ஒரு வரி. ஏறத்தாழ முந்நூறு பேரையும் அதற்குச் சில நாள் முன்பே வெளியேற்றியிருந்தார்கள், மாடுகளைக்கூட இறக்கியிருந்தார்கள். அதைத் தமிழில் சொல்ல ஆள் இல்லை. கொழும்பிலிருந்து அக்கா அழுதுகொண்டு தொலைபேசி எடுத்தாள்.

தமிழ்த் தொலைக்காட்சி எங்களுக்கு இல்லாமல் இருந்ததே இல்லை. மாடி முகப்பில் தட்டு அன்ரெனா பூட்டி, வீட்டுக்காரனிடம் ஏச்சு வாங்கிய காலத்திலிருந்து பார்க்கிறோம்: லண்டனிலிருந்து தீபம், பாரிஸிலிருந்து டி.டி.என்., சென்னையிலிருந்து சன். இப்போது யூடியூப். சென்னையில் பெட்ரோல் என்ன விலை என்று எங்கள் வீட்டில் கேட்டால் உடனே பதில் வரும். நாங்கள் இருக்கும் ஊராட்சி பள்ளிக்கூடத்துக்கு என்ன செய்யப்போகிறது என்று கேட்டால் வராது. வந்த எல்லாம் வேறு ஊரிலிருந்து வந்தவை. தலைநகர் பேர்ணிலிருந்தோ எங்கள் மாநிலத் தலைநகர் கூரிலிருந்தோ தமிழில் எதுவும் வந்ததில்லை. அந்த அம்மாவுக்குக் கிடைக்கிற பத்து நிமிடத்தின் பெறுமதி அது ரோமான்ஷில் இருப்பதால் மட்டும் வருவதில்லை. அவருக்குத் தெரிந்த வேலியைப் பற்றி அது பேசுகிறது, அவர் எதிர்த்துப் பேசவும் இடம் கொடுக்கிறது. சென்னைச் சீரியலோடு நான் அப்படிச் சண்டை போட முடியாது. போட்டிருக்கிறேன், அது வேறு மாதிரி.

இதை மச்சானிடம் சொன்னபோது அவன் இன்னும் உறுதியாகிவிட்டான். "அப்ப எங்களுக்குத் தமிழில சுவிஸ் செய்தி தரட்டும், நான் நானூறு கட்டுறன்" என்றான். பகிடிக்குச் சொன்னாலும் அதில் ஒரு கொள்கை இருக்கிறது. அரசால் முடியாத காரியம் இல்லை. கொரோனாக் காலத்தில் மத்திய சுகாதார அலுவலகம் கை கழுவுவது முதல் தடுப்பூசிவரை தமிழிலும் எழுதித் தந்தது. எஸ்.ஆர்.ஜி.யின் ஒரு பிரிவான சுவிஸ்இன்ஃபோ பத்து மொழிகளில் இந்த நாட்டைப் பற்றி எழுதுகிறது. அரபு, ரஷ்யம், சீனம், ஜப்பானியம் எல்லாம் உண்டு. அது வெளிநாட்டில் இருப்பவர்களுக்காக. இங்கே இருந்துகொண்டு கட்டணம் கட்டுகிறவனின் மொழி அந்தப் பட்டியலில் வரவேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. தோன்றினாலும் அல்பேனியர்கள் எங்களுக்கு முன்னால் வரிசையில் நிற்பார்கள், அவர்கள் எங்களைவிடப் பல மடங்கு. நிற்கட்டும், வரிசை என்று ஒன்று இருந்தால் போதும்.

கட்டணத்தில் ஒரு துளி தமிழுக்கும் வருகிறது என்பதையும் அவனுக்கு நினைவூட்டினேன். உள்ளூர் வானொலிகளுக்கென்று ஒதுக்கும் பங்கில் சூரிச்சின் லோரா வானொலியும் பெறுகிறது. விளம்பரமே போடாத வானொலி அது, பல மொழிகளோடு தமிழுக்கும் நேரம் கொடுக்கிறது. "அது எனக்குத் தெரியும். எங்கட பெடியள் வேலை முடிஞ்சு போய்ச் சும்மா செய்யிறாங்கள்" என்றான். உண்மைதான், அங்கே நிகழ்ச்சி செய்கிறவர்கள் தன்னார்வத்தில்தான் செய்கிறார்கள். அந்த உள்ளூர்ப் பங்கில் இந்த வாக்கெடுப்புக் கை வைக்கப்போவதும் இல்லை. ஆகவே என் பக்கத்துக்கு அது ஒரு வாதமாக உதவவில்லை.

எனக்குக் கடைசியில் எடுபட்டது ஒரே ஒரு கணக்கு. வருமானத்தை இவ்வளவு குறைத்தால் எஸ்.ஆர்.ஜி. எதை முதலில் வெட்டும்? ஜெர்மன் பகுதியின் பெரிய நிகழ்ச்சிகளை வெட்டாது, அங்கேதான் பார்வையாளர் கூட்டம். ஓரத்தில் இருப்பதைத்தான் வெட்டும். ஓரம் எதுவென்று எனக்குத் தெரியும், அதற்குப் பாணில் பட்டர் பூசிக் கொடுக்கிறவன் நான். அந்தப் பெரும்பான்மை தன் காசை ஓரத்துக்குக் கொடுக்கும் பழக்கத்தை விட்டுவிட்டால், பிறகு நாங்கள் வரிசையில் நின்று கேட்பதற்கு ஒரு கதவும் இருக்காது. அவர்களுக்கு இருப்பதை இல்லாமல் செய்து எங்களுக்கு வந்துவிடப் போவதில்லை. மச்சான் இதை ஒப்புக்கொள்ளவில்லை. வருடத்துக்கு 135 பிராங் மிச்சம் என்பது அவனுக்குக் கையில் தெரிகிற காசு, என் கதவு கண்ணுக்குத் தெரியாதது என்கிறான்.

வேண்டாம் என்று எழுதி உறையை ஒட்டிவிட்டேன். அவனும் தன்னுடையதை அனுப்பிவிட்டான். என் மனைவிக்கு வாக்குச் சீட்டு வராது. அவள் இன்னும் சி அனுமதி என்ற வெளிநாட்டவர் வதிவிட அனுமதியில்தான் இருக்கிறாள், குடியுரிமைக்கு எழுத வேண்டிய மொழிப் பரீட்சையை ஒவ்வொரு வருடமும் தள்ளிப்போடுகிறாள். இந்த முறை கட்டணச் சீட்டு அவளுடைய பெயருக்குத்தான் வந்தது, அவள்தான் கட்டினாள். "நீங்கள் வேண்டாம் எண்டு போட, தம்பி வேணும் எண்டு போட, ரெண்டும் கழிஞ்சு போகும். முத்திரைக் காசுதான் நட்டம்" என்றாள். அப்படியில்லை, இதில் மக்கள் பெரும்பான்மையோடு மாநிலப் பெரும்பான்மையும் வேண்டும், சூரிச்சில் விழும் வாக்கும் கிரவுபுண்டனில் விழும் வாக்கும் அதில் ஒரே எடையில்லை என்று விளக்கத் தொடங்கினேன். அவள் ஏற்கனவே சீரியலைப் போட்டுவிட்டிருந்தாள்.